வலிக்கு ஒரு கேள்வித்தாள்

வலியைப் பற்றி ஒரு பரீட்சைத்தாள் இருக்கிறது. நீண்டநாள் வலியோடு இருப்பவர்கள் எழுதவேண்டிய தாள். ஆஸ்திரேலிய வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி 2003இல் பயன்படுத்திய வடிவத்தில் அதில் 19 கூற்றுகள் இருந்தன. பத்து வருஷம் கழித்து அதைச் சலித்து 12 ஆக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு, முடிவு செய்ய முடியவில்லை என்று மூன்று கட்டங்கள். காயம் பெரிதாக இருந்தால் வலியும் பெரிதாகத்தான் இருக்கும் என்பது ஒரு கூற்று. 'தவறு' என்று போட்டால் மதிப்பெண். நாள்பட்ட வலி என்றாலே காயம் சரியாக ஆறவில்லை என்று அர்த்தம் என்பது இன்னொன்று. அதுவும் தவறு. வலி இருப்பது தெரியாமலேயே ஒருவருக்கு வலி இருக்கலாம் என்றும் ஒரு கூற்று உண்டு. அங்கே மட்டும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். நரம்பு மண்டலத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவள். எனக்கு ஏழு வருஷமாக இடுப்புவலி. அதனால் இந்தத் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது ஆச்சரியமில்லை. வலி அப்படியேதான் இருந்தது, அதிலும் ஆச்சரியமில்லை என்று இப்போது நினைக்கிறேன். இந்தத் தாளை யாருக்கு வைக்கிறார்கள், எதற்காக வைக்கிறார்கள், 'புரிந்துகொண்டார்' என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதுதான் என்னை விடாமல் அரிக்கிற விஷயம்.

முதலில் அறிவியலைக் கொஞ்சம் பேசிவிடலாம். நம் எல்லோர் தலையிலும் வலிக்கு ஒரே படம்தான் இருக்கிறது. அது டெகார்த் கொடுத்த படம். அவர் இறந்தபின் 1664இல் பிரெஞ்சில் வெளியான மனிதனைப் பற்றிய நூலில் ஒரு பையன் நெருப்பருகே காலை வைத்திருப்பான். காலிலிருந்து ஒரு நூல் மூளைக்குப் போகும். இங்கே இழுத்தால் கோயில் மணி மாதிரி அங்கே அடிக்கும். எவ்வளவு இழுப்போ அவ்வளவு சத்தம். இந்தப் படம் அழகானது, எளிமையானது, முள் குத்தினால் சரியாகவும் பொருந்துவது. ஏழு வருஷ இடுப்புவலிக்குத்தான் பொருந்தாது.

1995இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சின்னக் குறிப்பை வலி ஆய்வாளர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலேயிருந்து குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆணியை லேசாக அசைத்தாலே துடிக்கிறார். மயக்க மருந்து கொடுத்து, ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் ஆணி விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. அது வலிதான். பூட்ஸைத் துளைத்து நிற்கும் ஆணியைப் பார்த்த கண்ணும், ஆணி குத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்த வாழ்க்கையும் சேர்ந்து கொடுத்த வலி.

நம் தோலிலும் தசையிலும் இருக்கிற நரம்பு முனைகள் அனுப்புவது வலியை அல்ல, 'இங்கே ஏதோ ஆபத்து' என்கிற தகவலை. அந்தத் தகவல் முதுகுத்தண்டில் ஏறும்போதே கூட்டவோ குறைக்கவோ படலாம் என்று மெல்சாக்கும் வாலும் 1965இல் எழுதினார்கள். கதவு மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது என்றார்கள். தொடர்ந்து தகவல் வந்துகொண்டிருந்தால் முதுகுத்தண்டின் நரம்புச் செல்களே உசுப்பேறிப் போய்விடும், பிறகு லேசாகத் தொட்டாலும் ஓங்கிக் கத்தும் என்பதை 1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் பரிசோதனையில் காட்டினார். புண் ஆறிவிட்டிருக்கும், அலாரம் மட்டும் அணையாமல் இருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைப் பற்றியது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதில் 80 சதவீதம். ஜவ்வு பிதுங்கியிருப்பது இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு. இவர்கள் யாருக்கும் வலி இல்லை. அப்படியென்றால் என் ஃபிலிமில் தெரிகிற பிதுக்கம் முகச் சுருக்கம் மாதிரி வயதின் அடையாளமாக மட்டுமே இருக்கலாம்.

பிசியோதெரபி கூடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஆள் அறிமுகம் எப்படி நடக்கும் என்று. "உங்களுக்கு எல் ஃபோர் எல் ஃபைவா? எனக்கு எல் ஃபைவ் எஸ் ஒன்." ராசி நட்சத்திரம் கேட்டுக்கொள்கிற மாதிரிதான். திருச்சியில் நான் போய்க்கொண்டிருந்த இடத்தில் அப்படித்தான் ஓர் அக்கா பழக்கமானார். இட்லிக் கடை வைத்திருப்பவர். கையெழுத்துக்கு மேல் படிப்பு கிடையாது. ஆனால் தன் எம்.ஆர்.ஐ. ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எந்த இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். "பாருங்க டீச்சர், இந்தா, இதான். நரம்பைப் போயி அமுக்குது."

அங்கிருந்த பிசியோ சின்னப் பையன், அக்கறையானவன். இந்தப் புதுப் பாடத்தையெல்லாம் படித்தவன். ஒருநாள் அக்காவுக்கு உட்கார்ந்து அரைமணி நேரம் விளக்கினான். உங்கள் முதுகு பலவீனமாக இல்லை, நரம்புதான் ரொம்ப உஷாராகிவிட்டது, வலித்தாலே உடைகிறது என்று அர்த்தமில்லை. அந்த ஃபிலிமைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள், முடிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றான். அக்கா கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "எங்க தெருவுல ஒரு நாய் இருக்கு தம்பி. ஒருதடவ ராத்திரி திருடன் வந்தான். அதுலேர்ந்து கொரியர் பையனப் பாத்தாலும் குலைக்குது, பால்காரரப் பாத்தாலும் குலைக்குது. அத மாரிதானே சொல்றீங்க?"

பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். நான் பிளஸ் ஒன் பசங்களுக்கு ஒரு வாரம் நடத்தினாலும் இப்படி ஓர் உவமை கிடைக்காது. அக்கா உடனே அடுத்ததையும் கேட்டார்: "சரி, அது சும்மா குலைக்குதுன்னு தெரியுது. தெரிஞ்சா மட்டும் தூக்கம் வந்துருமா?"

மோஸ்லியின் 2003 ஆய்வு இதையொட்டிய ஒன்றைத்தான் கண்டது. வலிநோயாளிகள், மருத்துவத் துறையினர் இருவரிடமும் அந்தத் தாள் கொடுக்கப்பட்டது. பாடம் நடத்தப்படாத நோயாளிகளின் மதிப்பெண் குறைவு. பாடம் நடத்தியபின் நன்றாக ஏறியது. 'நோயாளிகளுக்கு இதெல்லாம் புரியாது' என்று துறையினர்தான் அவர்களைக் குறைத்து எடைபோட்டிருந்தார்கள். பிரச்சினை நோயாளியின் மூளையில் இல்லை, யாரும் உட்கார்ந்து சொல்லாததில் இருந்தது. ஐந்து நிமிஷ ஓ.பி.யில் "தேய்மானம்மா, இனிமே குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு 'நோயாளிகளுக்கு வலியைப் பற்றித் தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன' என்று கட்டுரை எழுதுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை யார் கொடுத்தது? அக்காவின் பாட்டி எல் ஃபோர் எல் ஃபைவ் என்று சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

அந்தத் தாளிலேயே ஒரு கூற்று, எப்போது வலிக்க வேண்டும் என்பதை மூளைதான் முடிவு செய்கிறது என்கிறது. விடைக்குறிப்பின்படி 'சரி'. நானும் அப்படியே குறித்தேன், விடைக்குறிப்பு என்ன எதிர்பார்க்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது சரிதானா? 2003இலேயே நரம்பியலாளர் பென்னட்டும் தத்துவவாதி ஹாக்கரும் சேர்ந்து ஒரு பெரிய புத்தகம் எழுதி இந்த வகை வாக்கியங்களைப் பிடி பிடியென்று பிடித்தார்கள். முழு ஆளுக்குச் சொல்லவேண்டியதை உறுப்புக்குச் சொல்வது பிழை என்பது அவர்கள் வாதம். முடிவு செய்வது, நம்புவது, யோசிப்பது எல்லாம் மனிதர் செய்வது. மூளை இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்பதால் மூளை செய்கிறது என்று ஆகிவிடாது. கால் இல்லாமல் நடக்க முடியாது, அதற்காகக் கால் ஊருக்குப் போனது என்று சொல்வோமா?

இதை வார்த்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 'மூளை முடிவு செய்கிறது' என்று பிசியோ சொல்வது, வீட்டுக்கு வந்து சேரும்போது 'நீயா முடிவு பண்ணிக்கிற' என்று ஆகிவிடுகிறது. இடையில் ஒரே ஒரு படிதான். என் வீட்டில் அந்தப் படியை ஒரே சாயங்காலத்தில் தாண்டினார்கள்.

தமிழ் இந்த விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகவே இருக்கிறது. 'எனக்குக் கால் வலிக்குது' என்கிறோம். அந்த வாக்கியத்தில் கால் இருக்கிறது, நான் இருக்கிறேன், மூளைக்கு இடமே இல்லை. வலிக்கிற இடம் ஒன்று, வலி சேர்கிற ஆள் ஒன்று. சொற்களைப் பாருங்கள். கால் உளைச்சலும் மன உளைச்சலும் ஒரே சொல். கால் கடுக்கிறது, ஆளும் கடுப்பாகிறார். வயிற்றில் எரிச்சல், பக்கத்து வீட்டுக்காரர் மேலும் எரிச்சல். நோய் என்ற சொல்லே நோவிலிருந்துதான் வருகிறது. மெல்சாக் 1975இல் வலியை விவரிக்க 78 ஆங்கிலச் சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து ஒரு வினாப்பட்டியல் செய்தார். நம்மிடம் குத்தல், குடைச்சல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு, சுரீர், விண்விண் என்று கொட்டிக்கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்பதோ "பத்துக்கு எவ்வளவு?"

உடலையும் மனசையும் பிரிக்காத இத்தனை சொற்களை வைத்துக்கொண்டும் 'உனக்கு மனசுலதான் பிரச்சினை' என்றால் நமக்கு ஏன் சுருக்கென்று குத்துகிறது? அதில் பொய்க் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். பேசுகிறவர் உடலா மனமா என்ற தத்துவத்துக்கே வரவில்லை, 'உன்னை நம்பமாட்டேன்' என்கிறார்.

இந்த இடத்தில்தான் அந்தத் தாள் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்புப் பணி. மூன்று மணி நேரம் நிற்கவும் நடக்கவும் வேண்டும். விலக்குக் கேட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறதா, மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். ஜவ்வுப் பிதுக்கம் என்று எழுதியிருந்தது. ஒரு நிமிஷத்தில் கையெழுத்தானது. அதே சான்றிதழில் 'ஆபத்துத் தகவல்களுக்கு நரம்பு மண்டலம் மிகையாக எதிர்வினை காட்டுகிறது, திசுக்களில் குறிப்பிடத்தக்க சேதம் இல்லை' என்று உண்மை எழுதப்பட்டிருந்தால்? ஸ்டாஃப் ரூமில் இரண்டு வருஷத்துக்கு அதுதான் ஜோக்காக இருந்திருக்கும்.

அதாவது, கேள்வித்தாளில் எதை நான் 'தவறு' என்று குறித்தேனோ அதையே அலுவலகத்தில் 'சரி' என்று கொடுத்தேன். எனக்கு அதில் குற்றவுணர்ச்சி கிடையாது. பிதுக்கம் இருப்பது உண்மை, வலி இருப்பதும் உண்மை. அதனால்தான் இது என்று நான் எங்கும் வாயால் சொல்லவில்லை, அவர்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் என் அறிவைக் கடையில் செல்லாத நோட்டு மாதிரி பையில் வைத்துக்கொண்டு, எனக்கே நம்பிக்கையில்லாத நோட்டை நீட்டித்தான் சாமான் வாங்க முடிந்தது.

இது என் பள்ளிக்கூடத்தோடு முடிகிற விஷயமில்லை. நம்முடைய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட வலி என்று தனியாக ஒன்று அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, வேறொரு நோயின் அடையாளமாக மட்டும் பார்க்க முடியாத வலிக்குத் தனிப் பெயரே இருக்கிறது. பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி ஒரு நாற்காலி கேட்டால் கிடைக்குமா?

அதனால், ஒரு நோயாளி 'என் ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அதை அறியாமை என்று சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. அது அவரிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி. வலி வெளியே தெரியாது. பட்டவருக்கு அதைவிட நிச்சயமானது எதுவுமில்லை, பார்க்கிறவருக்கு அதைவிடச் சந்தேகமானது எதுவுமில்லை என்று இலேய்ன் ஸ்கேரி 1985இல் எழுதிய புத்தகத்தில் விரிவாகப் பேசியிருக்கிறார். அந்தச் சந்தேகத்துக்கு எதிராக நீட்ட ஒரு கறுப்பு ஃபிலிம் கையில் இருக்கிறது. அதை அறிவியலின் பெயரால் பிடுங்குகிறவர், பதிலுக்கு எதைக் கொடுக்கிறார் என்று கேட்பது நியாயம்தானே?

அந்த அறிவை மறைத்துவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. குனிந்தால் முதுகு உடைந்துவிடும் என்று பயந்து இரண்டு வருஷம் நான் தரையில் உட்காரவே இல்லை. உடையாது என்று தெரிந்தபின் உட்கார்கிறேன். வலிக்கிறது, உட்கார்கிறேன். அது சின்ன விஷயமில்லை. 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வலியை ஆபத்தின் அறிகுறியாகப் பார்ப்பதை மாற்றும் சிகிச்சையை நாலு வாரம் எடுத்துக்கொண்டவர்களில் 66 சதவீதம் பேருக்கு முதுகுவலி இல்லாமலோ கிட்டத்தட்ட இல்லாமலோ போயிருக்கிறது. மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களில் அது 20 சதவீதம்தான். பெரிய வித்தியாசம். அதே சமயம் 2019இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வேறு மாதிரி சொல்கிறது. புதிதாக முதுகுவலி வந்தவர்கள் 202 பேர். ஒரு பாதிக்கு வலியைப் பற்றி இரண்டு மணி நேரப் பாடம். மறு பாதிக்கு அதே இரண்டு மணி நேரம், தகவலோ அறிவுரையோ எதுவும் இல்லை, அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்பது மட்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வலியில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை.

ஆய்வாளர்கள் இதைப் பாடத்தின் தோல்வியாக எழுதினார்கள். எனக்கு அதில் அந்த மறு பாதிதான் கண்ணில் பட்டது. இரண்டு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து என் வலியைக் கேட்பது என்பதை ஏழு வருஷத்தில் நான் அனுபவித்ததில்லை. ஆய்வில் அதற்குப் பெயர் போலி சிகிச்சை.

புரிதலை மருந்தாகக் கொடுப்பதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் மாத்திரை சரியில்லை என்போம். பாடம் வேலை செய்யவில்லை என்றால் மாணவி சரியில்லை என்போம். டீச்சர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். 'இவ்வளவு சொல்லியும் இன்னும் வலிக்குதுங்கிறீங்களே' என்று ஒரு மருத்துவர் என்னிடம் கேட்டிருக்கிறார். மனுஷன் நல்லவர்தான், களைத்துப்போயிருந்தார். ஆனால் அந்த வாக்கியத்தில் நான் ஃபெயிலாகிவிட்டேன். என் உடம்பில் நடப்பது என்ன என்பது எனக்குச் சொல்லப்பட வேண்டும், அதனால் வலி குறைந்தாலும் குறையாவிட்டாலும். குறைவதற்காகச் சொன்னது என்றால், குறையாதபோது அது என்மீது வைக்கிற பழியாகிவிடுகிறது.

வலி குறித்த உலக ஆய்வுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அது மதிக்கப்பட வேண்டும் என்று குறிப்பில் சேர்த்தது. திசுச் சேதம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்த வரையறையில் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் யார்? வலிக்கிறவருக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை. தெரிய வேண்டியது தேர்வுப் பணிப் பட்டியல் போடுகிறவருக்கு, காப்பீட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறவருக்கு, "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டார்ல, அப்புறமென்ன" என்று டிவி சத்தத்தைக் கூட்டுகிற வீட்டுக்காரருக்கு. நோயாளிக்கு எத்தனை மதிப்பெண், பாடத்துக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று இருபது வருஷத்துக்கும் மேலாக அளந்துகொண்டிருக்கிறோம். அதே 12 கூற்றுகளை ஒரு பள்ளியின் ஸ்டாஃப் ரூமிலோ ஒரு வீட்டின் கூடத்திலோ கொடுத்துப் பார்க்கலாம். கணவர், மாமியார், மேலதிகாரி மூவரும் பாஸாகும் வரை, நோயாளி அதில் நூற்றுக்கு நூறு வாங்கி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

நாய் உவமை சொன்ன அக்கா இப்போது கூடத்துக்கு வருவதில்லை. கடைக்குப் போனால் பார்ப்பேன். முன்னைவிட நன்றாகக் குனிந்து நிமிர்கிறார், கிரைண்டர் குழவியைத் தானே தூக்குகிறார். வலி இருக்கிறதா என்றால், "அது பாட்டுக்குக் குலைச்சிக்கிட்டுக் கெடக்கு டீச்சர்" என்கிறார். பிசியோ பையன் சொன்னபடி அந்த ஃபிலிமைத் தூக்கிப் போட்டாச்சா என்று ஒருநாள் கேட்டேன். கல்லாப்பெட்டிக்குக் கீழே குனிந்து, பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார்.

"தம்பி நல்லதுக்குத்தான் சொன்னாரு. ஆனா நாளைக்கு ஒருநா கடை தொறக்க முடியாமப் படுத்துட்டேன்னா, மருமவகிட்ட எதக் காட்டுவேன்?"